மூன்றுக்கு மூன்று என்றால் ஐவியைக் கேள்

உயிரோடு இருக்கும்போது ஒரே கடையில் மாவு வாங்கி, ஒரே ரயிலில் கோதுமை ஏற்றி, ஒரே மைதானத்தில் பந்து உதைத்தவர்கள், செத்த பிறகு மட்டும் தனித்தனியாகத்தான் படுப்போம் என்று அடம்பிடித்த ஊர் எங்கள் நாரபின். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சரளைப் பாதை. பாதைக்குக் கிழக்கே மெதடிஸ்ட்காரர்கள், மேற்கே கத்தோலிக்கர்கள். குறுக்கே ஒரு கோழி நடந்தால்கூட அது எந்தச் சபைக் கோழி என்று விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தைப் பார்த்துக்கொள்ளும் வாரியத்துக்குப் பதினோரு வருஷம் தலைவராக இருந்தும், ஒருவர் வாயிலும் விழாமல் பேர் வாங்கியவர் ஐவி பாஸ்கோ. தபாலாபீஸ் ஐவிதான், வேறு யார்?

அவர் தலைவரானதே ஒரு கூத்து. 1950-இல் பழைய தலைவர் போய்ச் சேர்ந்தார். வாரியத்தில் மிச்சம் ஆறு பேர். மூன்று மெதடிஸ்ட், மூன்று கத்தோலிக்கர். மெதடிஸ்ட் பக்கத்திலிருந்து கோதுமைப் பண்ணைக்காரர் ஹோரஸ் டிப்பட், கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து லாயம் வைத்திருந்த ஜாக் ரியோர்டன், இரண்டு பேரும் நாற்காலிக்கு நின்றார்கள். ஓட்டு மூன்றுக்கு மூன்று. மறுபடி எண்ணினார்கள். எண்ணினால் மாறிவிடுமா? மூன்றுக்கு மூன்றுதான்.

“காசைச் சுண்டிப் பாத்துடலாமே” என்றார் கசாப்புக் கடை ஃப்ராங்க் டூகி. டிப்பட் விருட்டென்று எழுந்துவிட்டார். காசு சுண்டுவது சூதாட்டம். அவர் வீட்டுக்குள் சீட்டுக்கட்டே நுழைந்ததில்லை. சரி, தொப்பிக்குள் பேரை எழுதிப் போட்டு எடுக்கலாமா? அதுவும் சூதாட்டம். வைக்கோல் குச்சி இழுக்கலாமா? அது சூதாட்டத்துக்குக் கூடப்பிறந்த தம்பியாம். நாலு மாசம் இந்தக் கூத்து நடந்தது. நடுவில் செத்தவர்களுக்குக் குழி ஒதுக்கும் சீட்டில் கையெழுத்துப் போடத் தலைவர் இல்லை. வாரியத்தின் செயலாளர் நெவில் பக் ஒவ்வொரு சாவுக்கும் அனுமதி கேட்டு மெல்போர்னுக்குத் தந்தி அடித்து ஓய்ந்துபோனார்.

கடைசியில் இரண்டு தரப்பும் தலையாட்டிய ஒரே பேர் ஐவி. காரணம், அவர் யார் ஆளும் இல்லை. அம்மா கத்தோலிக்கர், அப்பா மெதடிஸ்ட். பெண் குழந்தைக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் என்ற சண்டை முடிவதற்குள் குழந்தை வளர்ந்து வேலைக்கே போய்விட்டது. அந்த அம்மா மேற்குப் பக்கத்தில் கிடக்கிறார், அப்பா கிழக்கில். இடையில் அந்தப் பாழாய்ப்போன பாதை. ஐவிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பகலெல்லாம் தபாலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சும். ஊர் ரகசியம் மொத்தமும் அவர் காது வழியாகத்தான் போகும். வாய் வழியாக ஒன்றும் வெளியே வந்ததில்லை.

வாரியத்து விதிப்படி தலைவருக்கு ஓட்டு கிடையாது. மற்ற ஆறு பேரும் சரிபாதியாகப் பிரிந்து நின்றால் மட்டும்தான், முடிவு கட்ட ஒரு ஓட்டு. முதல் கூட்டத்திலேயே ஐவி, தலைவர் தட்டுகிற மரச் சுத்தியலைக் கையில் எடுக்காமல் பேசினார்.

“பாதிப் பேருக்குப் புடிக்காத ஒண்ணை என் ஒத்தை ஓட்டால உங்க தலையில கட்ட மாட்டேன். சமமா நின்னா இருக்கறது இருந்தபடியே இருக்கும். மாத்தணும்னா நாலாவது கையை நீங்களே தேடிப் புடிங்க. இது யாருக்காவது ஆகலைன்னா இப்பவே சொல்லிடுங்க.”

ஆறு பேரும் தலையாட்டினார்கள். பதினோரு வருஷத்தில் ஒன்பது முறை அப்படிச் சமமாக நின்றது. ஒன்பது முறையும் அவர் சொன்ன சொல் மாறவில்லை. அதில் ஒன்று அவருடைய சொந்த ஆசை. பெரிய மிளகு மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டால் வருகிறவர்கள் கொஞ்சம் உட்காருவார்களே என்று அவர்தான் ஃப்ராங்கைக் கிளப்பிவிட்டிருந்தார். பெஞ்சு எந்தச் சபைப் பக்கம் வரும் என்று சண்டை வந்து மூன்றுக்கு மூன்று. ஐவி தன் பெஞ்சுக்கு எதிராகவே ஓட்டுப் போட்டார்.

“உன் பெஞ்சுக்கு நீயே ஆப்பு வெச்சுக்கிட்டியேம்மா!” என்று ஃப்ராங்க் தலையில் அடித்துக்கொண்டார்.

“உக்காரணும்னா தரையில உக்காந்துட்டுப் போறேன்” என்றார் ஐவி.

இந்தக் கதை சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. ஐம்பது மைல் தள்ளி ஒரு ஆஸ்பத்திரிக் கமிட்டியில் நாலுக்கு நாலு நின்றாலும், பந்து உருட்டும் சங்கத்தில் ஐந்துக்கு ஐந்து நின்றாலும் எங்கள் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் வரும். “மூணுக்கு மூணுன்னா ஐவியைக் கேளு” என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணப் பேச்சாகவே ஆகிவிட்டது. எங்களுக்கு அதில் பெருமை தாங்காது. மழையும் இல்லை, ஒரு கோப்பை ஜெயித்ததும் இல்லை. ஆனால் எங்களிடம் ஐவி இருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் 1961 ஜூலையில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், டெஸ் கோஸ்டெல்லோ பென்ஷன் வாங்க வந்தவர், வாங்கிய பிறகும் போகாமல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தெட்டு வருஷம் ரயில் பாதையில் கட்டை மாற்றியவர். ஆள் பாதியாகியிருந்தார்.

“மெல்போர்ன் டாக்டர் கையை விரிச்சுட்டாரு ஐவி. கிறிஸ்துமஸ் பாத்தாப் பெருசாம்.”

“என்ன டெஸ் சொல்றீங்க!”

“அதை விடு. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். எல்சி பக்கத்துல படுக்கணும்.”

டெஸ் கத்தோலிக்கர். அவர் மனைவி எல்சி மெதடிஸ்ட், செத்துப்போய் ஏழு வருஷமாகக் கிழக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் பக்கத்து இடம் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் பாதையைத் தாண்டி யாரையும் புதைத்த வழக்கம் இல்லை. ஐவி முத்திரைக் கட்டையை எடுத்து வைத்தபடியே, “வாரியத்துல கேக்கச் சொல்றேன்” என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் கூட்டத்தில் கேட்டார்கள். அன்றைக்கு எங்கள் சரித்திரத்தில் இல்லாத ஒன்று நடந்தது. டிப்பட்டும் ரியோர்டனும் ஒரே பக்கம் கை தூக்கினார்கள்! மெதடிஸ்ட் மண்ணில் கத்தோலிக்கர் வரக் கூடாது என்று டிப்பட். ஃபாதர் மந்திரித்த மண்ணை விட்டுவிட்டு ஒரு கத்தோலிக்கர் வெளியே படுக்கக் கூடாது என்று ரியோர்டன். கூட டிப்பட்டின் மைத்துனர். டெஸ்ஸுக்கு ஆதரவாக ஃப்ராங்க், இன்னொரு கத்தோலிக்கர், வால்டர் ஜோஸ் என்ற மெதடிஸ்ட். மூன்றுக்கு மூன்று.

எல்லாரும் ஐவியைப் பார்த்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருவருக்கும், ஐவி என்ன சொல்வார் என்பதில் சந்தேகம் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

“இருக்கறது இருந்தபடி” என்றார். சுத்தியலைத் தட்டினார்.

அடுத்த பென்ஷன் நாளில் டெஸ் வந்தார். திட்டுவார் என்று ஐவி காத்திருந்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“நீ மொகத்தைத் தொங்கப் போடாத. நாளைக்கு இன்னொருத்தன் வந்து கேப்பான், அவனுக்கும் நீ இதேதான் சொல்லணும். எல்சிகிட்டப் போய் வெவரத்தைச் சொல்லிட்டேன். நீ கிழக்கு, நான் மேற்கு, கத்திப் பேசிக்கலாம்னு.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அவளுக்குத்தான் காது மந்தம். அது ஒண்ணுதான் கவலை.”

அவர் போன பிறகு ஐவி மூன்று கடிதத்தில் தேதி முத்திரையைத் தலைகீழாகக் குத்தினார். பதினோரு வருஷமாகப் பெருமையோடு தூக்கிச் சுமந்த கொள்கையின் மேல் அன்றைக்குத்தான் அவருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. எதையும் மாற்றாதே என்பவனுக்குப் பாதிக் கை இருந்தால் போதும்; மாற்று என்பவனுக்குப் பாதிக்கு மேல் வேண்டும். இது என்ன சமம்? ஆனாலும், தன் மனசுக்குப் பிடித்தது வந்தவுடனே தலைவர் ஓட்டை இந்தப் பக்கம் திருப்பினால், முன்னால் எட்டு முறை தோற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய மாட்டேன் என்று தீர்மானமாகத் தெரிந்தது.

அப்போதுதான் விதிப் புத்தகத்தை எடுத்தார். பதினாலாவது விதி: ஒரு விஷயத்தில் தலைவர் தன் கருத்தைப் பேச விரும்பினால் நாற்காலியைத் துணைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, சாதாரண உறுப்பினராகப் பேசலாம், ஓட்டும் போடலாம். துணைத் தலைவர் உட்கார மறுத்தால் தலைவர் எழுந்திருக்க முடியாது. எழுந்துவிட்டால், அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒழிய அந்த நாற்காலி கிடையாது.

துணைத் தலைவர் ஹோரஸ் டிப்பட். பதினோரு வருஷமாக ஐவிக்கு ஒரு ஜுரம்கூட வராததால் ஒரு நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்காதவர். ஒவ்வொரு கூட்டத்திலும் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஸ்கோன் ரொட்டி தின்றவர். அவர் அதில் உட்கார்ந்தால் தலைவருக்குள்ள விதி அவருக்கும்தான்: சமமாக நின்றால் ஒழிய ஓட்டு இல்லை. எதிர்ப்பில் ஒரு கை குறையும், ஆதரவில் ஐவியின் கை கூடும். நாலுக்கு இரண்டு.

தோற்ற தீர்மானத்தை மூன்று மாசம் கழித்துத்தான் திரும்பக் கொண்டுவரலாம். ஐவி நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்து நவம்பரை எட்டினார். அதற்குள் டெஸ் படுத்த படுக்கையாகிவிட்டார்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு. அன்று பன்னிரண்டு மணிக்கு எக்ஸ்சேஞ்சுப் பலகையில் ஃப்ராங்க் வீட்டு இணைப்புக்கான விளக்கு எரிந்தது. பிளக்கைச் செருகினால் அவர் மனைவியின் அழுகை. கறி வெட்டும்போது கத்தி வழுக்கி உள்ளங்கை கிழிந்துவிட்டது. ஸ்வான் ஹில் ஆஸ்பத்திரிக்குக் காரில் போகிறார்கள். ஐவி டாக்டருக்குத் தொடர்பு கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். ஆதரவில் ஒரு கை போச்சு. இப்போது டிப்பட் நாற்காலியில் உட்கார்ந்தால் மூன்றுக்கு இரண்டு, ஜெயம். உட்கார மறுத்தால் ஐவி எழுந்திருக்கவே முடியாது; இரண்டுக்கு மூன்று, தோல்வி. தள்ளிப்போடலாமா என்றால், டெஸ்ஸுக்கு அடுத்த மாசம் என்று ஒன்று இல்லை.

வாரியம் கூடும் நூலக அறையில் ஈ மொய்த்தது. வெளியே வடக்குக் காற்று செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வால்டர் ஜோஸ் தீர்மானத்தை எழுந்து படித்தார். டிப்பட் எண்ணிப் பார்த்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, லாமிங்டன் கேக் ஒன்றை எடுத்துக் கடித்தார். ஐவி எழுந்தார்.

“இதுல நான் பேசணும். பதினாலாவது விதிப்படி நாற்காலியை விட்டு எறங்கறேன். ஹோரஸ், நீங்க உக்கார்றீங்களா?”

டிப்பட் வாயிலிருந்த லாமிங்டனை அவசரமாக விழுங்கினார். “நானா?”

“நீங்கதானே துணைத் தலைவர்.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“ஆண்டுக் கூட்டம் வரைக்கும். எழுந்தா நான் திரும்பி வர முடியாது.”

டிப்பட் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. நெவில் பக் விதிப் புத்தகத்தை நீட்டினார். “மிஸ்டர் டிப்பட், தலைவருக்கு என்னென்ன உண்டு, இல்லைன்னு ஒரு தடவை பாத்துட்டு...”

“நெவில், நீ அரைக்கால் சட்டை போட்ட காலத்துலேர்ந்து நான் இந்த வாரியத்துல இருக்கேன். எனக்கே பாடமா?”

படிக்காதே, படிக்காதே என்று ஐவி உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். மறு நிமிஷமே அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. குறுக்கு வழியில் வாங்கிய இடத்தில் டெஸ்ஸைப் படுக்க வைக்கவா? தானே புத்தகத்தை வாங்கி டிப்பட் முன்னால் திறந்து வைத்தார்.

“படிச்சிட்டே உக்காருங்க ஹோரஸ். அப்புறம் யாரும் சொல்லலைன்னு சொல்லாதீங்க.”

“உக்காரத் தெரியாதவனுக்குத்தான் புத்தகம் வேணும் மிஸ் பாஸ்கோ” என்று டிப்பட் புத்தகத்தை மூடி, அதன் மேலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். என்ன சொல்ல! சில பேருக்கு நாற்காலியைக் காட்டினால் போதும், கண் மறைத்துவிடுகிறது.

ஐவி மேசையின் கடைசியில் போய் நின்றார். மனசுக்குள் பேசிப் பார்த்து வந்த வார்த்தையெல்லாம் மறந்துபோயிற்று.

“எங்கம்மா மேற்க, எங்கப்பா கிழக்க. ஞாயித்துக்கிழமை பூ கொண்டு போனா, யாருக்கு மொதல்ல வைக்கறதுன்னு பதினஞ்சு வருஷமா இன்னும் எனக்குத் தெரியல. அவங்க உயிரோட இருந்தப்ப எங்க வீட்டுல ஒரே கட்டில்தான் இருந்தது. ஜாக், மண்ணு மந்திரிச்சதா இல்லையான்னு நீங்க கவலைப்படறது எனக்குப் புரியுது. ஃபாதரைக் கேட்டேன். குழியை மட்டும் மந்திரிச்சுக் குடுக்கறேன்னுட்டாரு. டெஸ் எடமா கேக்கறாரு? பொண்டாட்டியைக் கேக்கறாரு. அதை மறுக்கறதுக்கு நாம யாரு? இவ்வளவுதான். இதுவரைக்கும் இந்த அறையில எனக்கு என்ன வேணும்னு நான் சொன்னதே இல்ல. இன்னைக்குச் சொல்றேன். எனக்கு இது வேணும்.”

உட்கார்ந்தார். 

“ஆதரவு?” என்றார் டிப்பட். வால்டர் கை, இன்னொரு கத்தோலிக்கர் கை, ஐவியின் கை. மூன்று.

“எதிர்ப்பு?” மைத்துனர் தூக்கினார். ரியோர்டன் ஐவியை ஒரு தடவை பார்த்தார், பெருமூச்சு விட்டார், ஆனாலும் தூக்கினார். டிப்பட் தன் கையை எல்லாருக்கும் மேலே உயர்த்தினார். “மூணுக்கு மூணு. தலைவருங்கற முறையில என்னோட முடிவு ஓட்டும்...”

“மன்னிக்கணும் சார்” என்றார் நெவில். “உங்க கை கணக்குல வராது.”

“ஏன் வராது? சமமா நிக்குதே!”

“உங்க கையையும் எண்ணினாத்தான் சமம். தலைவர் கையை எண்ணக் கூடாது. மூணுக்கு ரெண்டு. உங்க முழங்கைக்குக் கீழதான் இருக்கு, பாத்துக்குங்க.”

டிப்பட் முழங்கையை எடுத்தார். புத்தகத்தைத் திறந்தார். படித்தார், திரும்பவும் படித்தார். காது வரை சிவந்துபோனார். முதலில் சிரித்தது, தோற்றுப்போன ரியோர்டன்தான். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“பதினோரு வருஷமா அதுக்குத் தவம் கெடந்தியே ஹோரஸ், உக்காந்ததும் கையே போச்சேய்யா!”

“ஜாக், சும்மா இரு.” டிப்பட் புத்தகத்தை மூடினார். அப்புறம் எங்கள் ஊரில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். கையை நீட்டினார். “அந்த அம்மா படிக்கத்தான் சொல்லிச்சு. விதின்னா விதி. சீட்டைக் குடு, கையெழுத்துப் போடறேன்.” அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.

மை காய்வதற்குள் ஐவி சீட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். தலைவர் பதவி போய்விட்டது என்ற நினைப்பே அவருக்கு இல்லை. செம்மண் புழுதிக்குள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ரயில்வே குடியிருப்பு வரை நடந்தார். பாதித் தூரம் ஓடியிருப்பார். அதற்குப் பிறகு அவர் எத்தனையோ வருஷம் வாரியத்தில் இருந்தார், யார் கெஞ்சியும் தலைவராக மட்டும் நிற்கவில்லை.

டெஸ் பின்கட்டில் ஜன்னலோரம் படுத்திருந்தார்.

“ஐவியா? இன்னைக்குப் பென்ஷன் நாள் இல்லையே.”

ஐவி சீட்டை அவர் கையில் வைத்தார். அவர் கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை. “நீயே படி” என்றார். கிழக்குப் பக்கம், ஏழாவது வரிசை, எல்சி கோஸ்டெல்லோவுக்கு இடப்புறம், டெஸ்மண்ட் கோஸ்டெல்லோ என்று ஐவி படித்தார். டெஸ் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ஈரமாக இருந்தது.

“எத்தனைக்கு எத்தனை?”

“மூணுக்கு ரெண்டு.”

“ஃப்ராங்குக்குக் கையில வெட்டுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்களே. அவன் இல்லாம மூணாவது கை யாரு தூக்கினது?”

ஐவி கூட்டத்தில் தூக்கியது போலவே வலது கையை நேராக உயர்த்திக் காட்டினார். டெஸ் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஐவி இறக்கப் போனபோது தடுத்தார்.

“இரும்மா, எறக்கிடாத. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்.”